பாகூர் ஏரிக்கு வந்த அணு அடுப்பு

சூரியன் எப்படி எரிகிறது என்பதை மலேசியாவில், ஈப்போவில் என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளையில் புரியவைத்துவிடுவேன். புதுச்சேரிப் பக்கம் வில்லியனூரில் அதே விஷயத்தைப் பெரியவர்களுக்குச் சொல்ல ஒரு காலைப்பொழுது முழுக்கத் தொண்டை வற்றப் பேசினேன். முடிவில் வந்த கேள்வி இது:

"அது சரிமா, அதுலயாவது கரண்டு லோ வோல்டேஜ் இல்லாம வருமா?"

கேட்டவர் தண்டபாணி அண்ணன், என் பெரியப்பா மகன். வில்லியனூர் கடைத்தெருவில் பல்பு, ஒயர், மோட்டார் சாமான் விற்கும் கடை வைத்திருக்கிறார். கடைக்கு மேல் மாடியில் வீடு. அங்கேதான் தங்கியிருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அணுவைப் பிளந்து மின்சாரம் எடுப்பது பழங்கதையாகிவிட்டது, இனி இரண்டு அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து, சூரியன் எரிகிற விதத்திலேயே மின்சாரம் எடுக்கப்போகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. நான் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் ஊர்த் தமிழ் வார இதழுக்கு அவ்வப்போது கட்டுரையும் எழுதுவேன். அப்பா பிறந்த ஊரைப் பார்க்கப் போகிறேன் என்றதும் இதழாசிரியர் ஒரு கேசட் ரெக்கார்டரைக் கையில் திணித்தார். "புதிய கண்டுபிடிப்புகளைப் பற்றி அங்கே கிராமத்து ஜனங்கள் என்ன நினைக்கிறார்கள் என்று பதிவு செய்துகொண்டு வா" என்றார். அவரே வந்து கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் காலை வசந்தா அண்ணி இட்லியும் வடகறியும் வைத்தார். எங்கள் ஊர் வழக்கப்படி "பசியாறிட்டேன், போதும்" என்றேன். "பசி ஆறிடிச்சா? சுடச்சுட இன்னும் ரெண்டு போடறேன்" என்று தட்டை நிரப்பினார். இந்த ஊரில் சாப்பிட்டு முடித்ததைத் தெரிவிக்க ஒரு சொல் இருக்கிறதா என்று கடைசி வரை எனக்குத் தெரியவில்லை. நிரம்பிய வயிற்றோடு கடையில் போய் உட்கார்ந்து, வருகிறவர்களைக் கேட்க ஆரம்பித்தேன்.

சோதனைக்குழாய்க் குழந்தையைப் பற்றி, ஃபியூஸ் கம்பி வாங்க வந்த ஓர் அம்மாளிடம் கேட்டேன். இது சரியா தவறா என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் கம்பியைச் சுருட்டிக்கொண்டே யோசித்தார். "அந்தக் கொயந்திக்கு ஜாதகம் எப்பிடிமா எழுதறது? குழாயில வெச்ச நேரமா, பெத்தெடுத்த நேரமா?" பதிலுக்கு உண்மையாகவே காத்து நின்றார். எனக்குத் தெரியாது என்றதும், இவ்வளவு தூரம் படித்தும் இது தெரியவில்லையே என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

கம்ப்யூட்டரைப் பற்றிக் கேட்டபோது, வங்கியில் வேலை பார்ப்பதாகச் சொன்ன ஒருவர் ரெக்கார்டரைக் கையால் மூடினார். "அது வந்தா எங்க வேலைக்கு ஆபத்து. வரக் கூடாது. நா சொன்னேன்னு மட்டும் போடாதீங்க." பெயர் வேண்டாம், குரல் மட்டும் போதும் என்றேன். குரலும் வேண்டாம் என்றார்.

அணுக்கரு இணைவுக்கு வந்து, சூரியனின் நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கரண்டு போனது. கடைக்குள் இருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே குரலில் "பாத்தியா!" என்றார்கள், நான்தான் ஏதோ செய்துவிட்ட மாதிரி. அண்ணன் விசிறியை எடுத்துக் கொடுத்தார். கரண்டு திரும்ப வரும் வரை யாருக்கும் சூரியனைப் பற்றிக் கேட்கப் பொறுமை இல்லை. வந்த பிறகு எல்லாருக்கும் வேலை இருந்தது.

"கடையில வர ஆளு அவசரத்துல வருவான். பாகூருக்குப் போ. விவசாயிங்க நிதானமா பேசுவாங்க" என்றார் அண்ணன்.

மறுநாள் பாகூர் பஸ். ஈப்போவில் பஸ் தாமதமானால் ஓட்டுநர் முகத்தில் கொஞ்சமாவது குற்ற உணர்ச்சி இருக்கும். இங்கே ஒரு வீட்டு வாசலில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓட்டுநர் உள்ளே போனார். பங்குனி வெயில் கூரைத் தகட்டை வறுத்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே வந்தார். ஏன் யாருமே கேட்கவில்லை என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். "சாப்புடற மனுசன இன்னான்னுமா கேக்கறது?" என்றாள்.

பாகூர் ஏரிக்கரையில் மர நிழலில் ஐந்தாறு பேர் வேலை முடித்து உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் சொன்னது உண்மைதான். நிதானமாகக் கேட்டார்கள். அந்த நிதானத்தில் எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிடும், நிலக்கரி தீர்ந்துவிடும், ஆனால் இந்தப் புதிய முறைக்கு வேண்டிய எரிபொருள் தண்ணீரிலேயே இருக்கிறது என்றேன். கனமான ஒருவகை ஹைட்ரஜன், எல்லாத் தண்ணீரிலும் துளித்துளியாகக் கலந்திருக்கிறது. எதிரே ஏரி பளபளத்துக்கொண்டிருந்தது. "இதோ, இந்த ஏரித் தண்ணியிலகூட இருக்கு" என்று கையை நீட்டிக் காட்டினேன்.

எல்லாரும் ஏரியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"கனமானத எடுத்துட்டா மீதி லேசான தண்ணியா பூடுமே. அது நெல்லுக்கு ஆவுமா?" என்றார் ஒரு பெரியவர்.

ஆகும், ஒரு வித்தியாசமும் தெரியாது என்றேன்.

"மீனு?" என்றார் இன்னொருவர்.

மீனுக்கும் ஒன்றும் ஆகாது, இது எல்லாம் இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தில்தான் இருக்கிறது என்றேன். கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்கிக்கொள்ளவில்லை என்பது பின்னால்தான் தெரிந்தது.

அந்தக் கூட்டத்தில் அஞ்சலை என்ற அம்மாள் இருந்தார். கணவர் இல்லை. ஏரிப் பாசனத்தில் சொந்த நிலம், ராஜவேலு என்று ஒரே மகன். "இம்மாம் நேரம் பேசியிருக்க, வா, ஒரு வாய் சாப்புட்டுட்டுப் போ" என்று வீட்டுக்கு அழைத்துப் போனார். ஏரி விரால் குழம்பு. அந்த ருசியோடு எந்த ஊர்க் குழம்பையும் ஒப்பிட நான் தயாரில்லை. என் பயணத்தில் எரிச்சல் இல்லாமல் கழிந்த அரைமணி நேரம் அதுதான்.

சாப்பிடும்போது அஞ்சலை மகனின் கல்யாணப் பேச்சை எடுத்தார். கரையாம்புத்தூரில் பெண். பெயர் தேன்மொழி. பெண்ணின் அப்பா கோவிந்தசாமி கரும்பு போடுகிறவர். "வெள்ளிக்கெழம கை நனைக்க வரோம்னாங்க. ஆனா அந்த ஆளு மனசு ஒரு நெலையில இல்லமா. கடலூர்ல ஒரு கிளார்க்கு பையனையும் பாத்து வெச்சிக்கினு கீறாரு." பெண் வீட்டார் வந்து ஒரு வாய் சாப்பிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். ராஜவேலு இதற்கெல்லாம் காது கொடுக்காதவன் போல என் ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்ணின் பெயர் வந்த இடத்தில் மட்டும் கை நின்றது.

அடுத்த இரண்டு நாள் ஒதியம்பட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் அலைந்தேன். கேட்டவர்கள் எல்லாம் என்னைத் திருப்பிக் கேட்டார்கள்: மலேசியாவில் தங்கம் விலை குறைவாமே, ரப்பர் மரத்தைக் கீறினால் வலிக்காதா, உனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை. மூன்றாவது கேள்வியை நான் பதிவிலிருந்து அழித்துவிட்டேன்.

புதன்கிழமை காலை மாடியில் இருந்தபடியே கீழே கடையில் ஒருவர் அண்ணனிடம் பேசுவது கேட்டது.

"சமாசாரம் தெரியுமா? பாகூர் ஏரில அணு அடுப்பு வெக்கப் போறாங்களாம். மலேசியாலேர்ந்து ஒரு ஆபீசரம்மா வந்து, மிசின் வெச்சி தண்ணிய அளந்துட்டுப் போயிருக்குது. கொம்யூன் பஞ்சாயத்துக்கே தெரியாதாம், அவ்ளோ ரகசியம்."

"அந்த ஆபீசரம்மா மேல தல வாரிக்கினு கீது" என்றார் அண்ணன்.

நான் சீப்போடு இறங்கி ஓடினேன். வந்தவர் என்னைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். அது தண்ணீர் அளக்கிற கருவி அல்ல, பேச்சைப் பதிவு செய்கிற கருவி என்று காட்டினேன். ஒரு பட்டனை அழுத்தினேன். "மீனு?" என்றது ரெக்கார்டர். அவர் முகம் வெளிறிவிட்டது. "மீனெல்லாம்கூட எண்ணிட்டாங்களா?" என்றார்.

கத்த வேண்டும் போல இருந்தது. உலகின் மிகப் பெரிய விஞ்ஞானிகள் ஒரு நொடிகூட முழுதாக எரிய வைக்க முடியாமல் திண்டாடுகிற நெருப்பை, மூன்றே நாளில் பாகூர் ஏரியில் மூட்டிவிட்டார்கள்!

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் அஞ்சலை வந்தார். வெயிலில் வந்த முகம். தண்ணீர் கொடுத்ததை வாங்கவில்லை.

"இன்னாமா பண்ணிட்டுப் போயிட்ட நீ? ஏரியப் பாத்து கைய நீட்டினியே, ஊரே கொல நடுங்கிக்கினு கீது. நெலத்த எல்லாம் எடுத்துப்பாங்களாம். பொண்ணு வூட்டுலேர்ந்து ஆளு வந்துட்டுப் போயிட்டான். அணு விசயம் நெஜமான்னு தெரிஞ்சாதான் கை நனைக்க வருவாங்களாம். நெலம் போற வூட்டுல எவன் பொண்ணு குடுப்பான்?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே!"

"நீ சொன்னியோ சொல்லலியோ. எம்புள்ள ரெண்டு நாளா சரியா சாப்புடல. போயி அந்த கோவிந்தசாமி கிட்ட நீயே சொல்லிட்டு வா."

"நீங்களும் வாங்க."

"நா வந்தா நல்லா இருக்காதுமா. கை நனைக்கறதுக்கு முன்ன நானே போயி வாசல்ல நின்னா கெஞ்சற மாரி ஆயிடும்." அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. தண்ணீர்ச் செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

வியாழக்கிழமை கரையாம்புத்தூருக்குக் கிளம்பினேன். அந்தப் பக்கம் புதுச்சேரி எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே தொடங்குகிறது என்பது அங்கே வசிப்பவர்களுக்கே ஒரு வயலுக்கு ஒரு விதமாக இருக்கிறது. பஸ் ஒரு மாநிலத்தை விட்டு இன்னொரு மாநிலத்துக்குள் நுழைந்து, ஒரு கரும்புத் தோட்டத்தைத் தாண்டித் திரும்பவும் பழைய மாநிலத்துக்கே வந்தது. ஓர் எல்லையில் போலீஸ்காரர் ஏறினார். புதுச்சேரியில் மலிவாகக் கிடைக்கும் சாராய பாட்டில்களைத் தேடும் சோதனை. என் பையைத் தட்டிப் பார்த்தார். கெட்டியாக இருந்தது.

"என்னமா இது?"

"ரெக்கார்டர்."

"எத்தனை பாட்டில்?"

இறக்கி, திறந்து, பாட்டரியை வெளியே எடுத்து, மூடியை மோந்து பார்த்து, திருப்பிக் கொடுத்தார். மலேசிய பாஸ்போர்ட்டை நீட்டினேன். அதை மரியாதையாகத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். பஸ் கிளம்பியபோது பாட்டரி ஒன்று இருக்கைக்கு அடியில் உருண்டு போயிருந்தது. அன்றைக்குப் பதிவு எதுவும் இல்லை. இனி யாருடைய கருத்தும் எனக்கு வேண்டியதாகவும் இல்லை. இந்த ஒரு தவறான செய்தியைத் திருத்திவிட்டு, அஞ்சலையின் மகனைச் சாப்பிட வைத்துவிட்டு, ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.

கோவிந்தசாமியின் வீடு கரும்பு வயலை ஒட்டி இருந்தது. ஐம்பது வயதுக்காரர், வெள்ளைச் சட்டை. எனக்காகவே போட்டுக்கொண்டார் என்று தோன்றியது, மடிப்பு கலையாமல் இருந்தது. நாற்காலி போட்டு, இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

"நீங்கதான அந்த ஆபீசரம்மா?"

"ஆபீசர் இல்லைங்க. டீச்சர்."

"அதான், டீச்சர் ஆபீசரு" என்றார்.

சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தேன். வழியெல்லாம் மனத்துக்குள் ஒத்திகை பார்த்த பேச்சு. "பாகூர் ஏரிக்கு எந்த அணு உலையும் வரல. யாரும் நிலத்தை எடுக்கப் போறதில்ல. ஒரு குழி நிலம்கூடப் போகாது. ராஜவேலுவோட நிலம் அப்படியே இருக்கும். நீங்க கொஞ்சமும் பயப்பட வேண்டாம்."

அவர் முகம் மலரும் என்று காத்திருந்தேன்.

"வராதா?" என்றார்.

"வராது."

"கண்டிப்பாவா?"

"கண்டிப்பா."

"வூட்டுக்கு ஒரு வேல குடுப்பாங்கன்னாங்களே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நெலம் எடுக்கற வூட்டுக்கெல்லாம் வேலன்னு பேசிக்கினாங்கமா" என்றார் அவர். "நெலத்துல இன்னா கீது? நானும்தான் கரும்பு போடறேன். சக்கர மில்லு வெட்டு உத்தரவுக்குக் காத்துக்கினு கெடந்து, பணத்துக்கு நாயா அலஞ்சி, நா படற பாடு எம்பொண்ணு பட வேணாம். மாசம் பொறந்தா சம்பளம் வர வூட்டுலதான் குடுக்கணும்னு இருந்தேன். அணு அடுப்பு வருதுன்னதும் அந்த பாகூர் பையனே சரின்னு மனசு வந்துது. வராதுன்னா..." உள்பக்கம் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "ஏ, கேட்டியா? வராதாம். கடலூருக்கே சொல்லி அனுப்பிடலாம்."

உள்ளே ஒரு பாத்திரம் ஓசையோடு வைக்கப்பட்டது. கதவோரத்தில் அவர் மகள் வந்து நின்றாள். இருபது வயது இருக்கும். என்னை அவள் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்து என்ன காரியம் பண்ணிவிட்டாய் என்று கேட்டது அது.

ராஜவேலு நல்ல பையன் என்றேன். உழைப்பாளி என்றேன். ஏரிப் பாசனம், வற்றாத கிணறு, விரால் மீன் குழம்பு என்று நினைவுக்கு வந்ததையெல்லாம் அடுக்கினேன். கோவிந்தசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுப்பவரோடு வாதாடலாம். தலையாட்டுகிறவரை என்ன செய்வது? பயந்துபோன ஊருக்குத் தைரியம் சொல்லப் போனால், அங்கே ஆசையோடு காத்திருக்கிறார்கள். என்ன சொன்னாலும் தப்பான கதவையே தட்டுகிறேன். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

அவர் வயலை ஒருமுறை பார்த்தார். பிறகு, "டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன். எப்பவுமே வராதா, இல்ல இப்போதிக்கு வராதா?" என்றார்.

ஆசிரியையிடம் கேட்கக் கூடாத கேள்வி. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எங்களுக்குத் தெரியாது. "உலகத்தில எங்கேயுமே இன்னும் செஞ்சு முடிக்கல. நடக்கணும்னா இன்னும் முப்பது வருஷமாவது ஆகும்னு சொல்றாங்க" என்றேன்.

"முப்பது வருசம்" என்றார். விரலை மடக்க ஆரம்பித்தார். "வர வைகாசில கல்யாணம். அடுத்த வருசம் ஒரு புள்ள. பள்ளிக்கூடம், காலேஜி..." விரல்கள் தீர்ந்து மறு கைக்குப் போனார். நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. "முப்பது வருசத்துல பேரனுக்கு வேலைக்குப் போற வயசு சரியா இருக்கும். பாகூர்ல நெலம் இருந்தாதான அவனுக்கு வேல? கடலூர் கிளார்க்கு கிட்ட நெலமே இல்லியே!"

"இல்லைங்க, பாகூர்லதான் வரும்னு நான் சொல்லலையே..."

"ஏரி அங்கதான கீது?"

எல்லாத் தண்ணீரிலும் இருக்கிறது, கடலிலேயே வேண்டிய அளவு இருக்கிறது, பாகூர் ஏரியை யாரும் சீண்டக்கூட மாட்டார்கள் என்று விளக்க வாயைத் திறந்தேன். கதவோரத்தில் தேன்மொழி தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்தாள். கெஞ்சவில்லை. கட்டளை போடுகிற மாதிரி இருந்தது.

இத்தனை வருஷத்தில் தப்பான விடைக்கு நான் மதிப்பெண் போட்டதில்லை. அன்று போட்டேன். இளநீரை எடுத்துக் குடித்தேன்.

"நாளைக்கு வரோம்னு அந்தம்மா கிட்ட சொல்லிடுங்க" என்றார் கோவிந்தசாமி. "கை நனைச்சிட்டே வரோம்." மனைவியிடம் இன்னொரு இளநீர் கொண்டுவரச் சொன்னார். வேண்டாம் என்றேன். வெட்டிவிட்டார்.

பஸ் நிறுத்தம் வரை தேன்மொழி கூட வந்தாள். நிறுத்தத்தில் நிழல் இல்லை. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றோம். அவள் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், அதற்கு மேல் அனுப்பவில்லை என்பதை நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ராஜவேலுவைப் பற்றியும் ஒன்று கேட்டேன். சிரித்தாள். பஸ் தூரத்தில் புழுதி கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தபோதுதான் அவளாக வாயைத் திறந்தாள்.

"அக்கா, பேரன் பேரன்னே அப்பா கணக்குப் போடறாரு. பொண்ணு பொறந்தா? அந்த வேலைக்குப் பொண்ணுங்களையும் எடுப்பாங்களா?"

அந்த ஒரு வாரத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டுவிட்டார்கள். இதற்குப் பதில் சொல்ல மட்டும் எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் முப்பது வருஷத்துக்குப் பிறகு யார் யாரை எடுப்பார்கள் என்று நான் எப்படிச் சொல்வது? பஸ் வந்து நின்றுவிட்டது. நடத்துனர் பஸ்ஸின் பக்கத் தகட்டைத் தட்டினார். ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "எடுக்கணும்" என்றேன்.

"எடுப்பாங்களான்னு கேட்டா எடுக்கணும்ன்றீங்க" என்றாள் தேன்மொழி, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. "நேரா ஒரு பதில் சொல்லவே மாட்டீங்களாக்கா நீங்க?"